அக்கா முன்னே... நான் பின்னே!



காலையில் நடக்கவோ, சைக்கிள் ஓட்டவோ துணை தேடுகிற பெண்கள் பெரும்பாலும் தன் வயதுக்காரியாகப் பார்த்துத்தான் சேர்கிறார்கள். மூத்தவர் என்றால், 'நாமல்ல மெதுவாப் போக வேண்டியிருக்கும்' என்று ஒரு எண்ணம். என் விஷயத்தில் அது அப்படியே தலைகீழ். எனக்கு வயது 46. நான் சேர்ந்து சைக்கிள் ஓட்டும் அக்காவுக்கு 64. தை மாதத்திலிருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் போகிறேன். அதுவும் முதல் ஒரு கிலோமீட்டர் வரைக்கும்தான். அப்புறம் முதுகும் தெரியாது!

படிக்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இப்படிப் பின்தங்குகிற பெண்கள் பத்தே நாளில் "நமக்கு இதெல்லாம் ஒத்து வராது" என்று சைக்கிளைச் சுவரோரம் சாத்திவிடுகிறார்கள். எங்கள் விஷயத்தில் நான் நின்றுவிட்டால் அந்த அக்காவும் வீட்டோடு நிற்க வேண்டி வரும். அதனால்தான் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது புதுக்கோட்டையில். அக்காவுக்குச் சொந்த ஊர் கீரமங்கலம் பக்கம். பூ விளைகிற பூமி. இந்த மாவட்டத்துப் பெண்களின் சைக்கிள் கதை தெரியாத இளம் வாசகியருக்காக ஒரு வார்த்தை. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். வயல் வேலைக்காரிகள், கல்குவாரிப் பெண்கள், அங்கன்வாடி ஆயாக்கள், டீச்சர்கள் என்று எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டதாம். அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாமே!

அக்காவும் அப்படிக் கற்றுக்கொண்டவர்தான். அப்போது அவருக்கு 30 வயது. மூன்று வயது மகனைக் கம்பியில் உட்கார வைத்து, பின்னால் கேரியரில் பூ மூட்டையைக் கட்டிக்கொண்டு, விடிவதற்குள் கீரமங்கலத்துக் கமிஷன் கடைக்குப் போய்விடுவாராம். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் பூ மூட்டை நிற்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறார். அந்தக் கால்கள்தான் இன்றைக்கு என் முன்னால் போகின்றன.

நானோ கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதே இல்லை. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் 1 படித்தபோது கொடுத்த இலவச சைக்கிள், அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு வாசலில் சும்மா நின்றது. போன மார்கழியில் ரத்தப் பரிசோதனை செய்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7-க்கு மேல் 6.4 வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டமாம். "இன்னும் மாத்திரை வேண்டாம். உடம்பை அசையுங்கள்" என்றார் டாக்டரம்மா. சரி, அந்தச் சைக்கிளை எடுப்போம் என்று துடைத்தேன்.

அதே சமயம் எதிர்வீட்டில் ஒரு பிரச்னை. விடியற்காலையில் நடக்கப் போன வயதான அம்மா ஒருவரை எங்கள் தெருமுனையில் ஒரு பைக் இடித்துவிட்டது. அதிலிருந்து அக்காவின் மகனுக்குப் பயம். "நீ தனியாப் போறதா இருந்தா வேணாம்மா. யாராச்சும் கூட வந்தாப் போ. இல்லாட்டி சைக்கிளை வித்துருவோம்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குக் கம்பியில் உட்கார்ந்து வந்த அதே பிள்ளைதான்! அவர் சொன்னதிலும் குற்றம் இல்லை. பெற்ற தாய் மேல் அக்கறை. ஆனால் அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் வாசலுக்கு வந்து, "தங்கச்சி, நீ சைக்கிள் துடைக்கிறதப் பாத்தேன். நாளைக்கு என் கூட வர்றியா?" என்று கேட்டார்.

இப்படித்தான் நான் அவருக்குத் துணையானேன். துணை எப்படிப்பட்டது என்பது மறுநாள் காலையில் தெரிந்துபோயிற்று.

திருமயம் ரோட்டில் 8 கிலோமீட்டர் போய்த் திரும்புவது அக்காவின் வழக்கம். சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது காலைப் பெடலில் வைத்து இரண்டு தத்து. அவ்வளவுதான், வண்டி போய்க்கொண்டே இருக்கும். ஆடாது, அசையாது. எனக்கு இரண்டாவது கிலோமீட்டரிலேயே மூச்சு வாங்கும். தொடை கல்லாகிவிடும். தூரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அக்கா காத்திருப்பார். நான் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்ததும், "வந்துட்டியா ஆத்தா? சரி, கெளம்பலாம்" என்று எழுந்துவிடுவார்!

பின்னால் வருகிறவளின் கஷ்டமே இதுதான். முன்னால் போனவர் பத்து நிமிஷம் இளைப்பாறியிருப்பார். பின்னால் வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் நேரம் இருக்காது. அதிகமாகக் களைத்தவளுக்குத்தான் ஓய்வு குறைவு. கணவரோடு கோயில் படி ஏறுகிறவர்களுக்கும் இது தெரிந்திருக்கும்! அக்கா வேண்டுமென்று செய்யவில்லை. முன்னால் போகிறவருக்கு இது தோன்றாது, சொன்னால்தான் தெரியும். நான் சொன்னேன். "அடப்பாவமே!" என்றார். அன்றிலிருந்து நான் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, நானே "போலாம்க்கா" என்று சொன்ன பிறகுதான் கிளம்புவார்.

வீட்டில் கிண்டலுக்குக் குறைவில்லை. "அறுபத்து நாலு வயசு அம்மா முன்னாடி போறாங்க, நீ என்னடான்னா..." என்று என் வீட்டுக்காரர் தினமும் ஆரம்பித்துவிடுவார். வயதை வைத்துப் பேசுவதே சரியில்லை என்பது என் கட்சி. வயது ஏற ஏற உடம்பின் சக்தி குறைவது உண்மைதான். ஆனால் உட்கார்ந்தே இருக்கிற உடம்பில் அது வேகமாகக் குறையும், ஓடியாடுகிற உடம்பில் மெதுவாகக் குறையும். இருபது வருஷம் பூ மூட்டை சுமந்து மிதித்த காலும், இருபது வருஷம் அடுப்படியில் நின்ற காலும் எப்படி ஒன்றாகும்?

என் மகள் ஒரு செய்தி சொன்னாள். பிரான்ஸ் நாட்டில் ராபர்ட் மர்ஷான் என்று ஒரு தாத்தா இருந்தார். 2012-ல் தன் நூறாவது வயதில் ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டர் சொச்சம் சைக்கிள் ஓட்டினார். அதற்குப் பிறகு டாக்டர்கள் மேற்பார்வையில் பயிற்சி செய்து, 2014-ல் 102-வது வயதில் அதே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 27 கிலோமீட்டர் ஓட்டிக் காட்டினார். நூறு வயதுக்கு மேல் வேகம் கூடியிருக்கிறது! 2021-ல், 109 வயதில்தான் காலமானார். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்ப நீ நூறு வயசுல ஓட்டுவ" என்றார். என்ன சொல்ல?

என் சைக்கிளைப் பார்த்து அக்கா சொன்னவை சில உண்டு. சீட்டு, மகள் பள்ளிக்குப் போன காலத்தில் கால் தரையில் நன்றாகப் பதிவதற்காகத் தாழ்த்தி வைத்தது. "முட்டி மடங்கியே கெடக்கு பாரு. கால் நீளாம எப்படி வலு வரும்?" என்று கடைக்குக் கூட்டிப்போய் ஏற்றிவிட வைத்தார். பெடல் கீழே வரும்போது கால் கிட்டத்தட்ட நேராக நீள வேண்டும், முட்டியில் லேசான மடிப்பு இருந்தால் போதும். நடுப்பாதத்தால் மிதிக்காமல் பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கச் சொன்னார். வாரம் ஒரு முறை காற்று, பதினைந்து நாளுக்கு ஒரு முறை செயினுக்கு எண்ணெய். காற்றுக் குறைந்த டயரோடு ஓட்டுவது மணலில் ஓட்டுவது போல. சீட்டை ஏற்றிய ஒரு வாரத்தில் என் முட்டி வலி நின்றது. வேகம் கொஞ்சம்தான் கூடியது. ஆனால் திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போது முனகவில்லை.

ஆடி மாதம் வந்ததும் நிலைமை மோசமாயிற்று. திருமயம் ரோடு தெற்கே போவது. ஆடிக் காற்று முகத்தில் அறையும். தைலமரங்கள் எல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடும். வண்டி நகரவே நகராது. அக்கா அப்போது ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். "என் பின் சக்கரத்தைப் பாத்துக்கிட்டே வா. காத்த நான் வாங்கிக்கிறேன்." உண்மைதான்! முன்னால் ஒருவர் போனால் பின்னால் வருகிறவருக்குக் காற்றின் தடை குறைந்துவிடுகிறது. பந்தயக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்களாம். ஆனால் ரொம்ப ஒட்டக் கூடாது. அவர் சட்டென்று பிரேக் பிடித்தால் இருவரும் விழ வேண்டியதுதான். ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி விட்டு, ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, ஒருவர் பின் ஒருவராகத்தான் போவோம். பேசிக்கொண்டே பக்கத்துப் பக்கத்தில் போவது லாரி ஓடுகிற ரோட்டில் ஆகாது.

ஆனால் அந்த நிழலில் வருவதற்கும் அவர் வேகம் எனக்கு இருக்க வேண்டுமே! இரண்டு கிலோமீட்டருக்கு மேல் முடியவில்லை. அப்போதுதான் என் நாத்தனார் ஒரு யோசனை சொன்னார்: "மூத்தவங்கதானே, உனக்காகக் கொஞ்சம் மெதுவா வந்தா என்ன?" வாசகியர் பலருக்கும் இதே எண்ணம் தோன்றலாம். எனக்கு அதில் சம்மதமில்லை. பிள்ளைக்காக, மூட்டைக்காக, வீட்டுக்காக எத்தனையோ வருஷம் மெதுவாகப் போனவர். இப்போதுதான் பின்னால் பாரம் இல்லாமல் ஓட்டுகிறார். நான் ஏன் அவருக்கு அடுத்த மூட்டையாக வேண்டும்? காத்திருக்க வைப்பதிலும் ஒரு கூச்சம் இருக்கிறது. பத்து நாள் நானே ஏதாவது சாக்குச் சொல்லி வீட்டில் இருந்தேன். அந்தப் பத்து நாளும் எதிர்வீட்டு வாசலில் அவர் சைக்கிளும் அசையவில்லை. மகனுக்குக் கொடுத்த வாக்கு. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. பதினோராம் நாள் நானே போய்ப் பேசினேன்.

நாங்கள் கண்டுபிடித்த வழி இதுதான். இருவரும் ஒன்றாகக் கிளம்புவோம். அக்கா தன் வேகத்தில் 8 கிலோமீட்டரும் போய்த் திரும்புவார். நான் என் வேகத்தில் போவேன். திரும்பி வருகிற அவர் எங்கே என் எதிரில் வருகிறாரோ, அங்கேயே நானும் வண்டியைத் திருப்பிவிடுவேன். அங்கிருந்து வீடு வரை நான் முன்னால், அவர் பின்னால். யாரும் யாருக்காகவும் பெஞ்சில் காத்திருப்பதில்லை. இருவரிடமும் செல்போன் உண்டு. அக்காவின் மகனிடமும் மறைக்காமல் சொல்லிவிட்டோம். முதலில் முகம் சுளித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் பைக்கில் பின்னாலேயே வந்து பார்த்தார். திரும்பியதும், "அம்மா இவ்வளவு வேகமாவா போகுது?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

எவ்வளவு வேகத்தில் போக வேண்டும் என்பதற்கு டாக்டரம்மா ஒரு அளவு சொன்னார். ஓட்டும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த மாதிரி வாரத்துக்கு 150 நிமிஷம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்காம். 65 தாண்டியவர்களுக்கும் அதே 150 நிமிஷம்தான், வயதுக்காகத் தள்ளுபடி கிடையாது. அக்காவால் எட்டாவது கிலோமீட்டரிலும் பாட முடிகிறது என்பது வேறு விஷயம்!

முதல் வாரம் ஆறாவது கிலோமீட்டர் கல்லுக்கு முன்னாலேயே எதிரில் வந்துவிட்டார். அப்புறம் கல்லைத் தாண்டினேன். புரட்டாசிக் கடைசியில் ஏழாவது கல்லுக்குப் பக்கத்தில் சந்தித்தோம். சர்க்கரை 5.9 ஆகியிருக்கிறது. இடையில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் விட்டதில் மறுபடி ஆறரைக்கு வந்துவிட்டேன். அந்த வாரம் முழுவதும் அக்கா தன் மருமகளைக் கெஞ்சி ஸ்கூட்டரில் துணைக்கு அழைத்துப் போனார். மருமகள் ஒரு நாள்தான் வந்தாள்.

துணை சேர்ந்து ஓட்ட நினைக்கிறவர்கள், யார் முன்னால் யார் பின்னால் என்பதை முதல் நாளே வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று.

இப்போது மழைக்காலம், ரோடு வழுக்கும். பிரேக் கட்டையை மாற்றிவிட்டுத்தான் எடுக்கிறோம். மார்கழிக்குள் காற்று வடகிழக்குப் பக்கம் திரும்பிவிடும். திருமயம் ரோட்டில் போகும்போது சுலபம், களைத்துத் திரும்பும்போது எதிர்க்காற்று. அதனால் அந்த இரண்டு மாதமும் வடக்கே திருச்சி ரோட்டில் போகலாம் என்கிறார் அக்கா. "போகையில கஷ்டப்படு, வரையில காத்து தள்ளிவிடும்" என்கிறார்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை