தாமரை ஏன் அழுகுவதில்லை?

தொட்டிச் செடிக்குத் தண்ணீர் அதிகமானால் வேர் அழுகிவிடும் என்று வகுப்பில் சொல்கிறோம். சில பாடங்கள் கழித்து, தாமரை நீரிலேயே வாழ்கிறது என்கிறோம். "அது மட்டும் ஏன் அழுகவில்லை?" என்று ஒரு மாணவர் கேட்டால், "அது நீர்த்தாவரம்" என்பது விடையாகாது, அது பெயர் மட்டுமே. இந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.

செடியைக் கொல்வது நீர் அன்று, காற்றுப் பற்றாக்குறை. வேரும் சுவாசிக்கிறது. மண்ணின் இடைவெளிகளில் நீர் நிரம்பிவிட்டால் ஆக்சிஜன் வேரை எட்டுவது கடினம். காற்றில் பரவுவதைவிட நீரில் வாயுக்கள் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகவே பரவுகின்றன. குளத்தடிச் சேற்றிலோ ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம்.

தாமரையின் உண்மையான தண்டு அந்தச் சேற்றுக்குள்தான் கிடக்கிறது. நாம் தாமரைத் தண்டு என்று கையில் பிடிப்பது இலைக்காம்பு அல்லது பூக்காம்பு. அதைக் குறுக்கே வெட்டினால் நீளவாக்கில் ஓடும் காற்றுக் குழாய்கள் தெரியும். இலையின் மேற்பரப்பில் உள்ள இலைத்துளைகள் வழியே நுழையும் காற்று, இக்குழாய்களில் இறங்கிச் சேற்றுக்குள் இருக்கும் தண்டையும் வேரையும் அடைகிறது. நிலத்தில் வாழும் பல செடிகளுக்கு இலையின் அடிப்பக்கத்தில் இலைத்துளைகள் அதிகம். மிதக்கும் அல்லி இலைக்கு அவை மேற்பக்கத்தில் அமைந்திருப்பதன் காரணத்தை மாணவர்களே ஊகித்துவிடுவார்கள். வயலில் நிற்கும் நெல்லின் வேரிலும் இத்தகைய காற்றறைத் திசு உண்டு.

நீர்மட்டம் உயர்ந்தால் என்ன ஆகும்? நீரின் அளவுக்கேற்ப நீர்ப்பூவின் காம்பு நீள்வதை உவமையாக வைத்தே திருக்குறளின் ஊக்கமுடைமை அதிகாரம் மனித உயர்வைப் பேசுகிறது. இதற்கு அறிவியல் தரும் விளக்கமும் சுவையானது. தாவரங்கள் எத்திலீன் என்னும் வாயுவைச் சுரக்கின்றன. காற்றில் அது கலைந்துபோகும். நீரில் மூழ்கிய உறுப்பில் வெளியேற முடியாமல் தேங்கி, காம்பின் செல்கள் நீளத் தூண்டுகிறது. இலை மேலே வந்ததும் வாயு வெளியேற, நீட்சி குறைகிறது. பல நீர்த்தாவரங்களில் இவ்வாறே நிகழ்கிறது. ஆகவே "செடி மேலே வர விரும்புகிறது" என்று சொல்வதைத் தவிர்ப்பது நல்லது. அது விருப்பம் அன்று, வினை.

முழுவதும் மூழ்கி வாழும் ஹைட்ரில்லாவின் கதை வேறு. நீரே தாங்குவதால் அதற்கு உறுதியான தண்டு தேவையில்லை. வெளியே எடுத்தால் துவண்டு விழும். வாயுக்களையும் உப்புகளையும் மெல்லிய இலைகளின் பரப்பு வழியாகவும் உறிஞ்சுகிறது.

வகுப்பில் செய்து பார்க்க

பூக்கடையில் கிடைக்கும் தாமரைக் காம்பைக் கழுவி, ஒரு சாண் அளவுக்கு நறுக்குங்கள். ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழிகள் வரும். பாடத்தின் மையக் கருத்து அந்தக் குமிழிகளில் இருக்கிறது.

வெங்காயத்தாமரை என்றும் ஆகாயத்தாமரை என்றும் அழைக்கப்படும் செடியை இரண்டு வாளிகளில் வளர்க்கலாம். ஒன்றில் ஓரிரு செடிகள், மற்றதில் நெருக்கமாகப் பல. வாரந்தோறும் இலைக்காம்பை அளக்கச் சொல்லுங்கள். இடம் இருந்தால் காம்பு குட்டையாக, வெங்காயம்போல் உப்பியிருக்கும். நெருக்கத்தில் நீண்டு மெலியும். ஒரே இனத்தின் வடிவம்கூடச் சூழலால் மாறுவதை மாணவர்கள் தம் அளவீட்டிலேயே காண்பார்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். மாதிரிகளைச் சேகரிக்க மாணவர்களைக் குளத்துக்கு அனுப்ப வேண்டாம். மேலே சேறு தெரியாது, கொடிகள் காலைச் சுற்றும். பெரியவர்களே எடுத்து வரட்டும். அடுத்து, சோதனை முடிந்ததும் வெங்காயத்தாமரையை எந்த நீர்நிலையிலும் போடக் கூடாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த இச்செடி, பக்கக் கிளைகளால் சாதகமான சூழலில் இரண்டு வாரங்களிலேயே இரட்டிப்பாகும். நீர்ப்பரப்பை மூடிவிட்டால் ஒளி இறங்காது; அடியில் உள்ள செடிகள் மடியும், ஆக்சிஜன் குறைந்து மீன்களும் மடியும். வெயிலில் நன்கு காயவைத்து உரக்குழியில் இடுங்கள். ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதை மாணவர்களையே விளக்கச் சொல்லுங்கள். அந்த விளக்கத்திலேயே பாடம் புரிந்ததா என்பது தெரிந்துவிடும்.