உயிருள்ள இரத்தத் துளி

விரல் நுனியில் ஊசியால் மெல்லக் குத்தி, கசியும் இரத்தத்தில் கடுகளவை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் ஏந்தி, அதன்மீது மெல்லிய மூடுவில்லை ஒன்றை இட்டு, உடனே உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பாருங்கள். சாயம் ஏற்ற வேண்டாம்; உலரவிடவும் வேண்டாம். சிவப்பு என்று நாம் எண்ணியிருந்த இரத்தம் அங்கே சிவப்பாக இராது. வெளிர் மஞ்சள் நிறமான வட்டத் தட்டுகள் ஆயிரக்கணக்கில் மிதந்து வரும். ஒவ்வொன்றும் ஓரத்தில் தடித்து நடுவில் குழிந்து, துளையிடாமல் விரலால் அழுத்திவிட்ட வடைபோல் இருக்கும். இவையே சிவப்பணுக்கள். ஒன்றின் குறுக்களவு ஏறத்தாழ ஏழரை மைக்ரான். நூற்று முப்பது அணுக்களை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நிரம்பும். வயது வந்த ஓர் ஆணின் இரத்தத்தில், ஒரு கன மில்லிமீட்டருக்குள் சுமார் 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன.

சற்றுப் பொறுமையோடு தேடினால், சிவப்பணுக்களின் கூட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளையணுக்கள் தென்படும். அவற்றுள் சில, உடலின் ஒரு பகுதியை முன்னே நீட்டி, மறுபகுதியைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு மெல்ல ஊர்வதையும் காணலாம். நம் உடம்பிலிருந்து வெளிவந்த பின்னும் நம்முடைய ஒரு பகுதி தன் வேலையைத் தொடர்ந்து செய்துகொண்டிருக்கிறது! முதன்முறை இதைக் காண்பவர் எவரும் வியப்படையாமல் இருக்க முடியாது. ஹாலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹூக், தம் கையாலேயே தேய்த்துச் செய்த ஒற்றை வில்லையைக்கொண்டு 1674-ஆம் ஆண்டில் தம் இரத்தத்தின் சிவப்பணுக்களைக் கண்டு எழுதி வைத்தார்.

இந்தக் காட்சியை இன்னும் எழிலாக்கும் முறை ஒன்றும் உண்டு. ஓட்டுக் கூரையின் இடுக்கு வழியே அறைக்குள் வெயில் விழும்போது, அதுவரை கண்ணுக்குப் புலப்படாத தூசுகள் ஒளிக்கற்றையில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே தத்துவந்தான். உருப்பெருக்கியின் நடு ஒளியை மறைத்துப் பக்கவாட்டில் மட்டும் ஒளியைப் பாய்ச்சினால், பின்புலம் கருமையாகிவிடும். பொருள்கள் மட்டும் விளிம்பொளி பெற்று, அமாவாசை வானத்து நட்சத்திரங்களைப்போல் துலங்கும். இதனை இருட்புல ஒளியமைப்பு என்பர். மற்ற முறைகளில் காணவியலாத மிக நுண்ணிய துகள்களும் இதில் தெரியும்.

இயற்கை மருத்துவம் செய்வோருள் ஒரு சாரார், இந்தக் காட்சியையே நோய் அறியும் கருவியாகக் கொண்டிருக்கின்றனர். விரல்நுனி இரத்தத்தை நோயாளியின் கண்ணெதிரிலேயே எடுத்து, இருட்புல உருப்பெருக்கியில் வைத்து, அதன் படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டி, “இதோ உங்கள் இரத்தத்தில் அமிலம், இதோ கிருமி, இதோ கல்லீரலின் சோர்வு” என்று விளக்குவர். இதன் மூலத்தைத் தேடினால், 1872-இல் பிறந்து 1968 வரை வாழ்ந்த குந்தர் எண்டர்லைன் என்னும் ஜெர்மானிய விலங்கியலாளரிடம் சென்று சேர்வோம். எல்லா மனிதருடைய இரத்தத்திலும் ஒரு நுண்ணுயிர் பிறவியிலிருந்தே குடியிருக்கிறது. உடல் நலமாயிருக்கும்வரை அது தீங்கற்ற சிறு துகளாக இருக்கும். உணவும் வாழ்க்கையும் கெட்டால் படிப்படியாக வளர்ந்து பாக்டீரியாவாகவும் பூஞ்சையாகவும் உருமாறி நோய் விளைக்கும் என்பது அவர் கொள்கை. 1925-இல் அவர் வெளியிட்ட நூலில் நுண்ணுயிர்கள் வடிவம் மாறிச் சுழன்று வருவதாக விரிவாக எழுதினார்.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர் இருக்கிறார். நான் அவரை அக்கா என்றே அழைப்பது வழக்கம். நீரிழிவுக்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை உட்கொண்டு வந்தவர். ஒருநாள் அவர் இத்தகைய சோதனை ஒன்றைச் செய்துகொண்டு வந்தார். தம் இரத்த அணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததையும், சில அணுக்கள் முள்முள்ளாக இருந்ததையும், இடையிடையே வெண்புள்ளிகள் துள்ளியதையும் தம் கண்ணாலேயே பார்த்தார். மூன்று வாரம் சில பொடிகளை உட்கொண்டு, உணவையும் மாற்றிக்கொண்டு மறுபடி சென்றபோது, அணுக்கள் தனித்தனியே பிரிந்து அழகாக மிதந்தனவாம். அதற்கு மேல் என்ன வேண்டும்? சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். “மருத்துவர் ஒரு சீட்டில் எண்ணை எழுதித் தருகிறார், தம்பி. இவர் என் இரத்தத்தையே காட்டினார்” என்றார்.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. எண்ணைக் காட்டிலும் காட்சிக்கு வலிமை அதிகம். ஆனால் கண்ணால் கண்டது என்ன என்பது ஒரு கேள்வி. அது எதனால் நேர்ந்தது என்பது வேறொரு கேள்வி. மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் பல்லாண்டுகள் இரத்தத் துளிகளோடு காலம் கழித்தவன் என்ற முறையில், அக்கா கண்ட ஒவ்வொன்றையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் காசு அடுக்கு. சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்வது நோயின்றியும் நிகழும். துளி தடித்திருந்தால், ஓட்டமின்றிச் சில நிமிடம் கிடந்தால், எவருடைய இரத்தமும் அடுக்கிக்கொள்ளும். அதே துளியின் மெல்லிய ஓரத்திற்குத் தகட்டை நகர்த்தினால் அணுக்கள் தனித்தனியே நிற்கும். இதற்கும் அமிலத்திற்கும் தொடர்பில்லை. இரத்தத்தின் கார அமில நிலை 7.35 முதல் 7.45 வரையுள்ள குறுகிய எல்லைக்குள் நுரையீரலாலும் சிறுநீரகத்தாலும் காக்கப்படுகிறது; அதை அளக்க வேறு கருவி உண்டு. ஆயினும் அடுக்கு என்பது பொருளற்ற விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். வீக்கமும் தொற்றும் உள்ளபோது ஃபைப்ரினோஜன் முதலிய புரதங்கள் இரத்த நீரில் மிகுவதால் அடுக்குதலும் மிகுகிறது. அடுக்கிய அணுக்கள் கனத்து விரைவாகக் கீழே படிகின்றன. ஆகவே, உறையாதபடி மருந்து சேர்த்த இரத்தத்தை நெட்டுக் குழாயில் நிறுத்தி, ஒரு மணி நேரத்தில் அணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று அளக்கிறோம். சுவீடன் நாட்டு ஃபாரேயஸ், வெஸ்டர்கிரன் ஆகியோர் உழைப்பால் உருவான இச்சோதனை இன்றும் வழக்கில் உள்ளது. குழாயின் அளவு, நேரம், மருந்தின் விகிதம் யாவும் வரையறுக்கப்பட்டிருப்பதால், சென்னையில் கண்ட எண்ணை மதுரையில் கண்ட எண்ணோடு ஒப்பிடலாம். தகட்டில் விழுந்த துளிக்கு அந்த வரையறை இல்லை.

அடுத்து முள் அணுக்கள். துளியின் ஓரம் காற்றுப்பட்டு உலரும்போது அங்குள்ள நீர் செறிந்து, அணுக்களிலிருந்து நீரை உறிஞ்சும். கண்ணாடியின் தொடர்பும் அவற்றின் வடிவைக் கெடுக்கும். வெயிலில் வைத்த நெல்லிக்காய்போல் அவை சுருங்கி முள்முள்ளாகின்றன. நூல்நூலாகத் தெரிந்து கல்லீரல் சோர்வு என்று பெயர் பெறுபவை, பெரும்பாலும் இரத்தம் உறையத் தொடங்கும்போது தோன்றும் ஃபைப்ரின் இழைகளே. காயத்தில் குருதி நிற்பதற்குக் காரணமான அதே இழைகள்.

துள்ளும் புள்ளிகள் சுவையானவை. கொழுப்புள்ள உணவு உண்ட சில மணி நேரத்தில் நுண்ணிய கொழுப்புத் துகள்கள் இரத்தத்தில் ஏராளமாகச் சுற்றி வருகின்றன. இருட்புலத்தில் அவை வெண்புள்ளிகளாக மின்னும். உயிரற்ற அவை ஏன் துள்ளுகின்றன? 1827-இல் தாவர நூல் வல்லுநர் ராபர்ட் பிரவுன், நீரில் மிதந்த மகரந்தத் துகள்கள் ஓயாமல் அசைவதைக் கண்டார். கல்லைப் பொடித்து இட்டாலும் அதே அசைவு இருந்தது. நீரின் மூலக்கூறுகள் நாற்புறமிருந்தும் மோதுவதே காரணம் என்பதை 1905-இல் ஐன்ஸ்டீன் கணித வாயிலாக விளக்கினார். காலையில் நெய்ப்பொங்கல் உண்டவர் இரத்தத்தில் ‘கிருமிகள்’ கூத்தாடுவதும், பட்டினி கிடந்தவர் இரத்தத்தில் அவை குறைவதும் இதனாலேதான்.

இவற்றைக் கூறுவதால், உயிருள்ள துளியைப் பார்ப்பதே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். மருத்துவ வரலாற்றின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகளுள் சில இதே வழியில் வந்தவை. 1872-இல் கல்கத்தாவில் டிமதி லூயிஸ் என்ற மருத்துவர் மனித இரத்தத்தில் நெளியும் நுண்புழுக்களைக் கண்டார். யானைக்கால் நோய்க்குக் காரணமான புழுவின் குஞ்சுகள் அவை. அவை பகலில் மறைந்து இரவில் இரத்தத்தில் நடமாடும் விந்தையைச் சீனாவில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன் கண்டறிந்தார். யானைக்கால் மிகுந்த ஊர்களில் சுகாதாரப் பணியாளர்கள் இரவு நேரத்தில் வந்து கதவைத் தட்டி விரல்நுனி இரத்தம் கேட்டது இதன் பொருட்டே.

இன்னொருவர் பிரெஞ்சுப் படை மருத்துவர் லவரான். அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், 1880-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், மலேரியா நோயாளியின் சாயமேற்றாத இரத்தத்தில் ஓர் உருண்டையிலிருந்து சவுக்குபோன்ற இழைகள் விசையோடு அடிப்பதைக் கண்டார். கண்டதோடு அவர் நிற்கவில்லை. 192 நோயாளிகளைச் சோதித்து 148 பேரிடம் அதே உருக்களைக் கண்டார். கொயினா மருந்து கொடுத்தபின் அவை மறைவதையும் கண்டார். அப்போதும் பலர் நம்பவில்லை. அவர்கள் நம்பாததைக் குற்றமென்று நான் சொல்லமாட்டேன். பிறர் தம் கண்ணாலும் கண்டு, சாயமேற்றும் முறைகள் திருந்தி, 1897-இல் செக்கந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றிலும் அதன் வளர்ச்சியைக் கண்ட பிறகே ஐயம் முற்றும் நீங்கியது.

நம் நாட்டுச் சான்றும் ஒன்றுண்டு. ஒரு துளி இரத்தத்தைக் காற்றுப் புகாமல் அடைத்து ஆக்சிஜனை நீக்கினால், சிலருடைய சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும். இந்தப் பரம்பரைக் குணம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இருப்பதை லேமன், கட்புஷ் இருவரும் 1952-இல் வெளியிட்டனர். இங்கும் துளியில் தெரியும் வடிவந்தான் சான்று. ஆனால் அந்த வளைவுக்குக் காரணமான ஹீமோகுளோபின் மாற்றத்தை வேறு முறையிலும் சோதித்து உறுதி செய்யலாம்; அது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வருவதையும் காட்டலாம்.

எண்டர்லைன் வழியினரின் காட்சிகள் இத்தகைய சோதனைக்கு உட்பட்டனவா? உட்பட்டன, அவருடைய ஜெர்மனியிலேயே. 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 110 நோயாளிகளின் இரத்தம் இருட்புல முறையில் பார்க்கப்பட்டது. அவர்களுள் 12 பேருக்குப் புற்றுநோய் உடலில் பரவியிருப்பதைக் கதிர்ப்படங்கள் காட்டின. துளியைப் பார்த்தவர் சரியாகச் சொன்னது மூவரை மட்டுமே. 2006-இல் மற்றோர் ஆய்வு. 24 நீரிழிவு நோயாளிகளின் இரத்தத்தை இருவர் தனித்தனியே பார்த்துக் குறிப்பெழுதினர். முழு உடன்பாட்டுக்கு 1, தற்செயலான உடன்பாட்டுக்கு 0 என்னும் அளவுகோலில் அவர்களுடைய ஒற்றுமை 0.35 அளவே இருந்தது. ஒருவர் அமிலம் என்பதை மற்றவர் ஆரோக்கியம் என்றால், நோயாளி யாரை நம்புவது? இரத்தத்தில் எல்லோருக்கும் பொதுவான நுண்ணுயிர்க் குடி ஒன்று உண்டா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துள்ளது. நலமாயிருந்த 9,770 பேரின் இரத்தத்திலுள்ள மரபுப் பொருளை ஆராய்ந்து 2023-இல் வெளியிட்ட சிங்கப்பூர் ஆராய்ச்சியாளர்கள், அத்தகைய பொதுக்குடி எதனையும் காணவில்லை. பெரும்பாலோரிடம் நுண்ணுயிரின் தடயமே இல்லை.

துளியைப் பார்த்துச் சொல்பவரை எல்லாம் ஏமாற்றுக்காரர் என்று நான் கருதவில்லை. கண் மனிதரை எளிதில் மயக்கும். மாணவனாக இருந்தபோது, சிவப்பணுவின்மேல் படிந்த ஒரு தட்டணுவை மலேரியாக் கிருமி என்று உறுதியாக எழுதிக் கொடுத்தவன் நான். ஆசிரியர் தகட்டைத் திரும்ப வைத்து, “இன்னும் பத்து இடம் பார், அதற்குப் பிறகு சொல்” என்றார். பத்து இடத்திலும் கிருமி இல்லை.

அக்காவின் செய்திக்கு வருகிறேன். நீரிழிவு, சிவப்பணுவின் தோற்றத்தில் எழுதப்படுவதன்று. சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. அக்காலத்தில் இரத்தத்திலுள்ள சர்க்கரை, அணுவினுள் இருக்கும் ஹீமோகுளோபினில் சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. அந்த ஒட்டலை இரசாயன முறையில் அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் கணக்குத் தெரியும். எந்த உருப்பெருக்கியும் அதைக் காட்டாது.

ஒரு மாலை அவரை ஆய்வுக்கூடத்திற்கு அழைத்துச் சென்றேன். அவருடைய ஒரே விரலிலிருந்து மூன்று தகடுகள் செய்தேன். ஒன்றை மெல்லிய துளியாக்கி உடனே வைத்தேன். இரண்டாவதைத் தடித்த துளியாக்கினேன். மூன்றாவதை மூடுவில்லையின் ஓரம் அடைக்காமல் விளக்கருகே கால் மணி நேரம் விட்டுவிட்டேன். எது எதுவென்று சொல்லாமல் மூன்றையும் இருட்புலத்தில் காட்டி, இவர்களைப்பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். முன்பு கற்ற பாடம் அவருக்கு நன்றாக நினைவிருந்தது. “முதலாமவர் நலமாக இருக்கிறார். இரண்டாமவருக்கு அமிலம். மூன்றாமவர் பாவம், உடம்பெல்லாம் நஞ்சு” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். “மூன்றும் நான்தானா, தம்பி?” என்றார்.

மறுநாள் காலை வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்குச் சென்றார். அளவு மிக ஏறியிருந்தது. பழைய மாத்திரையோடு இன்னொன்றும் சேர்க்க வேண்டியதாயிற்று. இயற்கை மருத்துவர் சொன்ன நடைப்பயிற்சியையும், இனிப்பைக் குறைத்த உணவையும் அவர் விடவில்லை. விட வேண்டாம் என்றே அவருடைய மருத்துவரும் சொல்லியிருக்கிறார்.