வீட்டார் பயணம் போகும்போது ஆமை எங்கே இருக்கும்?

பிரிட்டனில் வளர்ப்பு ஆமை என்றால் பெரும்பாலும் மூன்று இனங்கள்தாம்: தெற்கு ஐரோப்பாவின் ஹெர்மன் ஆமை, வட ஆப்பிரிக்காவிலிருந்து மேற்கு ஆசியா வரை பரவியுள்ள கிரேக்க ஆமை, மத்திய ஆசியாவின் வறண்ட நிலத்து ஹார்ஸ்ஃபீல்டு ஆமை. மூன்றும் தரையில் வாழ்பவை, இலை தின்பவை, வெயிலை நம்பிப் பிழைப்பவை. மழையும் மேகமும் மிகுந்த ஒரு தீவில் அந்த வெயிலை மனிதர்கள்தான் விளக்கு போட்டு உண்டாக்கித் தர வேண்டியிருக்கிறது. வீட்டார் ஊருக்குப் போகும்போது எழும் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இங்கிலாந்தில் பள்ளிக் கோடை விடுமுறை ஜூலை கடைசியில் தொடங்கிச் சுமார் ஆறு வாரம் நீளும். ஸ்பெயினுக்கு இரண்டு வாரம் போகிற குடும்பங்கள் உண்டு. லண்டனிலிருந்து சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ ஒரு மாதம் போய்விட்டு வருகிற தமிழ்க் குடும்பங்களும் உண்டு. நாய்க்கும் பூனைக்கும் இடம் பார்த்த பிறகே டிக்கெட் எடுக்கிறவர்கள்கூட ஆமையைப் பற்றிப் புறப்படுவதற்கு முந்தின வாரம்தான் யோசிக்கிறார்கள். ஆமை பட்டினி தாங்கும் என்ற பழைய நம்பிக்கையே காரணம். அதில் பாதி உண்மை இருக்கிறது. வளர்ந்த, நோயில்லாத ஆமை ஓரிரு நாள் தீனி இல்லாமல் இருந்துவிடும். ஆனால் விளக்கு அணைந்துபோனால் வயிற்றில் இருக்கிற தீனியும் செரிக்காது. மல்லாந்து கவிழ்ந்த ஆமை சூட்டு விளக்குக்கு நேர் கீழே கிடந்தால் சில மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். தோட்டக் கதவு ஒரு தடவை திறந்து கிடந்தாலே ஆமை வெளியேறிவிடும். ஆமைக்குத் தினமும் ஒருவர் வந்து பார்ப்பது அவசியமாவது தீனிக்காக மட்டும் அல்ல.

ஆமையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பழகிய ஒருவர் நாள்தோறும் அங்கே வந்து போவதுதான் சரியான ஏற்பாடு. எந்தக் கல்லின் மேல் காலை வெயில் விழும், எந்தப் புதருக்கடியில் மதியம் நிழல் இருக்கும், இரவில் எங்கே ஒதுங்கலாம் என்பதெல்லாம் ஆமைக்குத் தன் இடத்தில் நன்றாகத் தெரியும். இடம் மாறினால் பல ஆமைகள் நாட்கணக்கில் தீனியைத் தொடுவதில்லை. வேலி ஓரமாகவே வழி தேடி ஓயாமல் நடக்கின்றன.

பயணம் ஆமையை எப்படிக் குலைக்கிறது என்பதற்கு இங்கிலாந்தில் 200 ஆண்டுகளுக்கும் மேல் பழைய பதிவு ஒன்று உண்டு. இயற்கை ஆய்வாளரும் பாதிரியாருமான கில்பர்ட் வைட், தம் அத்தை காலமானதும் அவர் வளர்த்த திமோத்தி என்ற ஆமையை 1780 மார்ச்சில் ரிங்மர் ஊரிலிருந்து தம் ஊரான செல்போர்னுக்கு எடுத்து வந்தார். மண்ணுக்குள் குளிர்காலத் தூக்கத்தில் இருந்ததைத் தோண்டியெடுத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்தார். வண்டியின் குலுக்கலில் அதன் தூக்கம் முழுக்கக் கலைந்துவிட்டது. தோட்டத்தில் விட்டதும் கடைக்கோடி வரை இரண்டு தடவை நடந்தது. மாலையில் குளிர் ஏறவும் மறுபடி மண்ணைத் தோண்டிப் புதைந்துகொண்டது. நல்லவேளையாக அது பிழைத்தது, 1794 வரை வாழ்ந்தது. ஆண் என்று எண்ணி வளர்த்த அந்த ஆமை பெண் என்பது அது இறந்த பிறகே தெரியவந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வந்து பார்த்துக்கொள்கிறவருக்கு அன்றாட வேலை அதிகமில்லை, அரை மணி நேரம் போதும். காலையில் விளக்கு எரிகிறதா, அதன் கீழே வெப்பம் 30 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீர்த் தட்டைக் கழுவி நிரப்ப வேண்டும். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தாடை அளவுக்கு வெதுவெதுப்பான நீரில் கால் மணி நேரம் உட்கார வைத்தால் ஆமை வயிறு நிறையக் குடித்துக்கொள்ளும். தீனி களைச்செடிதான்: டான்டிலியன் இலை, பிளான்டெய்ன் களை, சோ திசில், கொஞ்சம் க்ளோவர், மேலே சுண்ணாம்புச் சத்துத் தூள். அன்பு மிகுதியில் வாழைப்பழமும் தக்காளியும் நறுக்கிப் போடுகிறவர்கள்தாம் அதிகம். பழச் சர்க்கரை இந்த ஆமைகளின் குடலைக் கெடுக்கும். எந்தச் செடியைப் பறிக்கலாம் என்று படத்தோடு எழுதி ஒட்டிவிட்டுப் போவது நல்லது. ஃபாக்ஸ்குளோவ், டாஃபடில், ருபார்ப் இலை ஆகியவை நஞ்சு.

ஆமை நோயை வெளியே காட்டுவதே மெதுவாகத்தான். இன்று சுறுசுறுப்புக் குறைந்து, அடுத்த வாரம் தீனி குறைந்து, அதற்குப் பிறகே மூக்கில் நீர் வடியும். நாளுக்கு ஐந்து நிமிடம் எட்டிப் பார்க்கிற புதியவர் கண்ணில் இது படாது. சமையலறைத் தராசில் வாரம் ஒரு தடவை எடை போட்டுக் கிராம் கணக்கில் குறித்து வைப்பது அதனால்தான் முக்கியம். எடை சரிவதைத் தேதியோடு சொல்ல முடிந்தால் கால்நடை மருத்துவருக்கும் பெரும் உதவி. ஊர்வன பார்க்கிற மருத்துவர் எல்லாத் தெருவிலும் இருப்பதில்லை. அவருடைய எண்ணையும், செலவுக்கு ஒப்புதல் தருகிற கையொப்பக் கடிதத்தையும் புறப்படும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.

சூட்டு விளக்கைக் கிளிப்பில் மாட்டாமல் சங்கிலியில் தொங்கவிடுவது பாதுகாப்பு. கிளிப் நழுவி வைக்கோலில் விழுந்தால் ஆளில்லாத வீட்டில் தீயை யார் பார்ப்பது? மாற்று பல்பு ஒன்றும், நேரம் பார்த்து எரிந்து அணைகிற டைமரும் வேண்டும். புற ஊதாக் குழல் விளக்கு கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே உள்ளே சக்தி இழந்திருக்கும். மாற்றும் காலம் வந்திருந்தால் பயணத்துக்கு முன்பே மாற்றிவிடலாம். வெயில் ஏறிய நாளில் கண்ணாடிக் கூடாரத்துக்குள் விட்ட ஆமை நிழலில்லாமல் செத்துப்போகும். ஹார்ஸ்ஃபீல்டு ஆமை வேலிக்கடியில் தோண்டும்; ஹெர்மன் ஆமை மூலையில் தொற்றி ஏறும். திமோத்தியும் ஒரு தடவை தோட்டத்துச் சிறு கதவு வழியாக வெளியேறி ஒரு வாரத்துக்கு மேல் காணாமல் போயிருந்தது. இரவில் நரியும் எலியும் காலைக் கடிக்கும் என்பதால் அந்தி சாய்ந்ததும் உள்ளே எடுத்துப் பூட்டிவிட வேண்டும். அடி ஓட்டின் கோலம் ஒவ்வொரு ஆமைக்கும் தனி. அதைப் படம் எடுத்து வைத்திருந்தால் தொலைந்தாலும் திருடு போனாலும் அடையாளம் சொல்லலாம்.

இனி, காசு கொடுத்து ஆமையைக் கொண்டுபோய் விடுகிற விடுதிகள். ஆமை வளர்த்து அனுபவப்பட்டவர்கள் நடத்தும் நல்ல விடுதிகள் இருக்கின்றன என்பதும், தினமும் ஊசி போட வேண்டிய நோயாளி ஆமைக்கு அப்படி ஓர் இடம் உதவும் என்பதும் உண்மைதான். ஆனால் ஆரோக்கியமான ஆமையை அங்கே அனுப்புவதில் இருக்கிற ஆபத்து பெரிது. அதைப் பற்றி விடுமுறைக் காலத்தில் யாரும் போதிய அளவு பேசுவதில்லை.

தரை ஆமைகளைத் தாக்கும் ஹெர்ப்பீஸ் வைரஸ்கள் உண்டு. நாக்கிலும் அண்ணத்திலும் மஞ்சள் படலம் படியும், எச்சில் ஒழுகும், கண்ணும் மூக்கும் வடியும், வாய் வலியால் ஆமை தீனியை விட்டுவிடும். ஹெர்மன், ஹார்ஸ்ஃபீல்டு ஆமைகளை இந்த நோய் கடுமையாகத் தாக்கும். கூட்டமாக வைத்திருந்த இடங்களில் ஒன்றன்பின் ஒன்றாக மடிந்திருக்கின்றன. கிரேக்க ஆமையோ பெரும்பாலும் லேசான அறிகுறியோடு தேறிவிடும். தேறிய பிறகும் வைரஸ் அதன் உடலை விட்டுப் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, இடமாற்றமோ குளிர்காலத் தூக்கமோ முட்டையிடும் களைப்போ வரும்போது மறுபடி வெளிப்படும். ஆகவே பக்கத்துக் கூண்டில் வெயில் காய்ந்துகொண்டு, நன்றாகத் தின்றுகொண்டு இருக்கிற கிரேக்க ஆமையே நோயைத் தருவதாக இருக்கலாம். அதைப் பார்த்த மாத்திரத்தில் விடுதிக்காரருக்கும் தெரியாது, சொந்தக்காரருக்கும் தெரியாது.

பரிசோதனைகள் இருக்கின்றன. வாயில் பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து வைரஸின் மரபுப் பொருளைத் தேடலாம்; ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ஆனால் வைரஸ் உறங்குகிற காலத்தில் தடவியெடுத்த மாதிரியில் ஒன்றும் கிடைக்காமல் போகும். ஒரு தடவை 'இல்லை' என்று வந்த முடிவை வைத்து ஆமையை மற்றவற்றோடு சேர்ப்பது சரியல்ல. வைரஸை அடக்கும் மருந்துகள் நோயைக் குறைக்குமே தவிர உடலை விட்டு விரட்டுவதில்லை. மூக்கொழுகல் நோயைக் கொண்டுவரும் மைக்கோபிளாஸ்மா என்ற கிருமியும் இப்படித்தான்: வெளியே ஆரோக்கியம், உள்ளே கிருமி. புதிதாக வந்த ஆமையைப் பல மாதம், முடிந்தால் ஓர் ஆண்டு, தனியே வைத்துக் கவனிக்கச் சொல்வது இதனால்தான். இரண்டு வாரம் தங்கிப்போக வந்த ஆமைக்கு அப்படியான தனிமைக் காலத்தை எந்த விடுதியாலும் கொடுக்க முடியாது.

இங்கிலாந்தின் 2018-ம் ஆண்டு உரிமவிதிகள், பிராணி விடுதிகளில் நாயையும் பூனையையும் தங்க வைக்கும் இடங்களுக்கு மட்டுமே உரிமம் கேட்கின்றன. ஆமை விடுதி அந்தப் பட்டியலில் இல்லை. கொட்டகையில் நாலு பெட்டி வைத்து யார் வேண்டுமானாலும் தொடங்கலாம். கூண்டுகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி, கிருமி நீக்கம் எப்படி என்று முன்கூட்டி வந்து பார்க்க யாருக்கும் கட்டாயமில்லை. நாய் விடுதிக்குத் தடுப்பூசிச் சான்று கேட்கிற நாட்டில், தடுப்பூசியே இல்லாத ஒரு வைரஸுக்கு ஆளாகும் பிராணியை எந்தச் சான்றும் இல்லாமல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். இது சரிசெய்யப்பட வேண்டிய குறை.

விடுதியைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள் முன்பே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். வேறு வீட்டு ஆமைகள் ஒரே புல்வெளியில் மாறி மாறி மேய்ந்தால் அந்த இடம் வேண்டாம். தண்ணீர்த் தட்டு, குளியல் தொட்டி, தீனித் தட்டு எல்லாம் அந்தந்த ஆமைக்குத் தனியாக இருக்க வேண்டும். சொந்த வீட்டிலிருந்தே கொடுத்தனுப்புவது இன்னும் நல்லது. ஒரு ஆமையைத் தொட்ட கையைக் கழுவிவிட்டு அடுத்ததைத் தொடுகிறார்களா என்று கவனிக்க வேண்டும். வெவ்வேறு இனங்களை ஒரே அறையில் வைத்திருப்பது பெரிய அபாயக் குறி. ஒரே வீட்டில் பல ஆமை வளர்க்கிற நண்பரிடம் விட்டுவிட்டுப் போவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. நட்பின் பேரில் அதை யாரும் கேட்பதில்லை. ஆமையே வளர்க்காத பக்கத்து வீட்டுக்காரர், அனுபவம் குறைவாக இருந்தாலும், இந்த விஷயத்தில் மேல்.

டிசம்பர் பயணம் வேறு கணக்கு. இந்த இனங்கள் குளிர்காலத்தில் தூங்குகிறவை. பலரும் இப்போது தனி ஃப்ரிட்ஜில் 5 டிகிரியை ஒட்டி வைத்துத் தூங்க வைக்கிறார்கள். அதற்கு முன் மூன்று நான்கு வாரம் தீனியை நிறுத்திக் குடலைக் காலியாக்க வேண்டும். வயிற்றில் தீனியோடு தூங்கினால் அது அழுகி உயிருக்கே கேடு. தூங்குகிற ஆமைக்கு வேலையே இல்லை என்று எண்ணிக் கிளம்புவது தவறு. ஃப்ரிட்ஜ் கதவைத் தினமும் திறந்து காற்று மாற்ற வேண்டும். வெப்பம் 10 டிகிரியைத் தாண்டினால் ஆமை விழிக்கத் தொடங்கும். உறைநிலைக்கு இறங்கினால் கண் போகலாம். வாராவாரம் எடை பார்க்க வேண்டும், மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்கு முன்பே எழுப்பிவிட வேண்டும். தூக்கத்தில் சிறுநீர் கழித்துவிட்டால் உடலில் நீர் வற்றிவிடும். அன்றே வெளியே எடுத்துச் சூடேற்றி வெதுவெதுப்பான நீரில் வைக்க வேண்டும். இதையெல்லாம் செய்யத் தெரிந்த ஆள் கிடைக்காத ஆண்டில் ஆமையைத் தூங்க வைக்காமல் விளக்கின் கீழே விழிப்பாகவே வைத்திருக்கலாம். வீட்டு ஹீட்டிங்கை அணைத்துவிட்டு 12, 13 டிகிரியில் விட்டுப் போவதுதான் மிக மோசம்: அந்தக் குளிரில் ஆமை தூங்கவும் தூங்காது, தின்னவும் தின்னாது, உடம்பில் சேர்ந்த கொழுப்பை எரித்தே நாளைக் கடத்தும்.

ஆமையைக் கூடவே எடுத்துப் போகலாமா என்று குழந்தைகள் கேட்பார்கள். அருகிவரும் உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில் இந்த இனங்கள் இருப்பதால் அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் குற்றம். தமிழ்நாட்டில் நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். 2022-ம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அங்கே இந்தக் கட்டுரையின் கேள்விக்கே இடமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி தற்காலிகமாகப் பார்த்துக்கொள்கிறவரும் பொறுப்பாளியே. சாவி வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

திரும்பி வந்த அன்று முதல் வேலை எடை போடுவது, குறிப்பேட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுவது. வாயைத் திறந்து படலம் இருக்கிறதா, மூக்கில் குமிழ் விடுகிறதா என்று பார்த்துவிட்டு வெதுவெதுப்பான நீரில் உட்கார வைக்கலாம். வெளியே தங்கிவிட்டு வந்த ஆமையை வீட்டிலுள்ள மற்ற ஆமைகளோடு உடனே சேர்க்கக் கூடாது. தனி அறையில், தனித் தட்டுகளோடு குறைந்தது ஆறு மாதம் வைத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வீட்டு ஆமைகளுக்குத் தீனி வைத்து முடித்த பிறகே அதன் பக்கம் போக வேண்டும்.