பரணில் வைக்காதீர்கள், அந்த பேட்டரியை

பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 128 என்று போட்டிருக்கிறது. ஓரத்தில் பொடியாக ‘விஎஃப்’. பக்கத்துப் பெட்டியில் 21 வோல்ட். அதற்கும் அடுத்து, விலை கூடிய பெட்டியில் வெறும் 18. கார்ட்லெஸ் டிரில் வாங்க வந்தவருக்கு 128தான் பெரிய மெஷின் என்று தோன்றினால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூன்று பேட்டரிகளையும் கழற்றிப் பார்த்தால் (கழற்ற வேண்டாம், பேச்சுக்குச் சொல்கிறேன்) உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒரே சரக்குதான்: ஒன்றோடொன்று வரிசையாக இணைத்த ஐந்து லித்தியம் அயனி செல்கள். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுசாக சார்ஜ் ஏறியதும் ஒரு செல் 4.2 வோல்ட்டில் நிற்கும், ஐந்துக்கு 21. ஆக 18ம் 21ம் ஒன்றுதான். 128 எந்தக் கணக்கிலும் வராது.

கடலூர் முதுநகர்ப் பக்கம் படகு வேலை செய்பவர்கள் முதல் சிதம்பரத்தில் ஃபால்ஸ் சீலிங் போடும் பையன்கள் வரை இன்று இந்த பேட்டரி மெஷின் இல்லாத கை குறைவு. ஏசி மெக்கானிக், சிசிடிவி மாட்டுபவர், ஆசாரி, அலுமினிய வேலைக்காரர் எல்லோருடைய பையிலும் ஒன்றிரண்டு கிடக்கும். அந்தப் பையில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று பெரும்பாலும் யாரும் நினைப்பதில்லை. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 90 வாட்-மணி. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தால் அது வேலை. ஒரே நிமிடத்தில் வந்தால் தீ.

கம்பியில்லா டிரில் ஒன்றும் புதிதல்ல. பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961லேயே நிக்கல்-காட்மியம் பேட்டரியில் ஓடும் டிரில்லை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1971இல் அப்பல்லோ 15 வீரர்கள் நிலவில் துளை போட்ட கருவியிலும் அந்த நிறுவனத்தின் கை உண்டு. லித்தியம் அயனி செல்லை சோனி 1991இல் சந்தைக்குக் கொண்டுவந்தாலும், மின்கருவிகளுக்கு அது வந்து சேர 2003 ஆனது. பாஷ் நிறுவனத்தின் சின்ன ஸ்க்ரூடிரைவர்தான் முதல் வரவு. நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் புழங்கும் ஒரு அறிவுரை அந்தப் பழைய நிக்கல் காலத்தின் மிச்சம். “முழுசா எறங்கினப்புறம்தான் சார்ஜ் போடணும் தம்பி, இல்லாட்டி பேட்டரி கெட்டுடும்” என்று மூத்த ஆசாரி சொல்வார். அவர் பழகிய பேட்டரிக்கு அது சரியாகவே இருந்தது. லித்தியத்துக்கு அது தலைகீழ். அடிமட்டம் வரை ஓட்டுவதும் அப்படியே மாதக்கணக்கில் போட்டு வைப்பதும்தான் அதைக் கொல்லும். மெஷின் தளரத் தொடங்கியதுமே நிறுத்தி சார்ஜ் போடுவதில் எந்தத் தோஷமும் இல்லை.

கருவியோடு வரும் கையேட்டைப் படிப்பவர் யார்? படித்தாலும் அது வேறொரு தட்பவெப்பத்தை மனதில் வைத்து எழுதியது போலவே இருக்கும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள் என்று ஒரு எச்சரிக்கை. கடலூர்க்காரர் சிரித்துக்கொண்டே தாண்டிவிடலாம். நமக்கு வேண்டியது எதிர்ப்பக்க எல்லை. மகிடா கையேடுகள் 10 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் சார்ஜ் போடச் சொல்கின்றன. 50 டிகிரியை எட்டக்கூடிய இடத்தில் வைக்கவே வேண்டாம் என்கின்றன. அக்னி நட்சத்திரத்தில் கடலூரின் நிழல் வெப்பமே 40ஐத் தொடும் நாட்கள் உண்டு. தகரக் கொட்டகைக்குள்ளும், கண்ணாடி ஏற்றிய காருக்குள்ளும், வெயிலில் நிற்கும் பைக்கின் பெட்டிக்குள்ளும் 50ஐ அது எளிதாகத் தாண்டிவிடும்.

செல்லுக்குள் கிராஃபைட் ஒரு முனை, உலோக ஆக்சைடு மறுமுனை. இடையில் தலைமுடியை விட மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இரண்டையும் தொடவிடாமல் பிரித்து நிற்கிறது. கிராஃபைட்டின் மேல் முதல் சார்ஜிலேயே ஒரு மெல்லிய காப்புப் படலம் உருவாகிவிடும். வெப்பம் கூடக் கூட அந்தப் படலம் தடித்துக்கொண்டே போய், வேலை செய்ய வேண்டிய லித்தியத்தை விழுங்கும். இதில் வெடிப்பு, புகை எதுவும் இல்லை. சத்தமில்லாமல் பேட்டரியின் ஆயுள் குறைகிறது, அவ்வளவுதான். பேட்டரி நிபுணர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஒரு கணக்கு: 40 சதவீத சார்ஜில், 25 டிகிரியில் ஓராண்டு வைத்தால் செல் தன் கொள்ளளவில் சுமார் 4 சதவீதம் இழக்கும், முழு சார்ஜில், 40 டிகிரியில் வைத்தால் 35 சதவீதம். செல்லின் வகைக்கேற்ப எண்கள் மாறும். போகும் திசை மாறாது.

அதனால்தான் பரணைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயன்படுத்தாத சாமானைப் பரணில் ஏற்றுவது நம் வீட்டு வழக்கம். கூரைக்கு ஒரு முழம் கீழே இருக்கும் அந்த இடம்தான் வீட்டிலேயே அதிகம் சுடுவது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் கேட்கவே வேண்டாம். மாதக்கணக்கில் வேலை இல்லையென்றால் பேட்டரியை மெஷினிலிருந்து கழற்றி, நான்கு விளக்கில் இரண்டு எரியும் அளவுக்கு சார்ஜ் விட்டு, தரையோரமாக, வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் யோசனை சிலருக்கு வரும். வெளியே எடுத்ததும் அதன்மேல் பூக்கும் வியர்வையைத் துடைக்க முடியாத இடங்கள் உள்ளே நிறைய. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, இறங்கியிருந்தால் கொஞ்சம் ஏற்றிவிடலாம்.

வெப்பம் தமிழ்நாடு முழுக்க உண்டு. உப்பு, கடற்கரைக்கே உரிய சங்கதி. தேவனாம்பட்டினம், பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் ஜன்னல் கம்பி படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஆனால் பேட்டரியில் உப்பு செய்யும் வேலை துருவோடு நிற்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே நசநசக்கும். அதாவது, பகலில் காய்ந்த தூசியாகக் கிடக்கும் உப்புப் படிவு ஒவ்வொரு இரவும் உயிர் பெற்று மின்சாரம் கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாகிறது. பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே 18 வோல்ட் எப்போதும் காத்திருக்கிறது. சுவிட்ச் போட வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் படலத்தின் வழியே மின்சாரம் கசியும். உலோகம் கரைந்து பச்சை பூக்கும். கசிவு கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கும்.

நல்ல பேட்டரியில் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கண்காணிக்க ஒரு மின்சுற்றுப் பலகை உண்டு. உப்பீரம் அதில் இறங்கினால் ஐந்தில் ஏதாவது ஒரு செல் மட்டும் மற்றவற்றை விட வேகமாக வடியும். ஐந்தும் சமமாக இல்லை என்று கண்டுகொண்ட சார்ஜர், சிவப்பு விளக்கைச் சிமிட்டி ஏற்ற மறுக்கும். “சார்ஜர் போச்சு” என்று நாம் கடைக்கு ஓடுகிறோம். உண்மையில் சார்ஜர் தன் கடமையைத்தான் செய்திருக்கிறது. கரையோர வேலைக்காரர்கள் செய்யக்கூடியது எளிது: வேலை முடிந்ததும் முனைகளை உலர்ந்த துணியால் துடைப்பது, உடன் வந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கியெறியாமல் மாட்டி வைப்பது, படகின் அடித்தட்டில் வெறுமனே போடாமல் மூடியுள்ள டப்பாவில் வைப்பது. அந்த டப்பாவில் ஆணி, ஸ்க்ரூ, டிரில் பிட்டு எதுவும் கூட இருக்கக் கூடாது. பல பேட்டரிகளில் வெளிமுனைகள் செல்லோடு நேரடியாக இணைந்தவை. இரு முனையையும் ஒரு ஆணி தொட்டால் நூறு ஆம்பியருக்கு மேல் பாய்ந்து ஆணியே செக்கச் சிவந்துவிடும்.

உப்பே இப்படி என்றால் வெள்ளம்? 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2015 நவம்பர் மழை, 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலைத் தொடர்ந்து சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் பெருகி வந்து கடலூருக்குள் புகுந்தது என்று இந்த மாவட்டத்தில் நீர் பல தடவை வீட்டுக்குள் வந்திருக்கிறது. நனைந்த டிரில்லை வெயிலில் காயவைத்து மறுபடி ஓட்டிவிடலாம். நனைந்த பேட்டரியை முடியாது. வெளியே காய்ந்தாலும் உள்ளே உப்பும் சேறும் தங்கிவிடும். கோளாறு அன்றே தெரிய வேண்டும் என்பதும் இல்லை. 2022 செப்டம்பரில் இயன் சூறாவளியின் கடல்நீர் ஏறிய ஃபுளோரிடாவில், நீர் வடிந்த பிறகு நாட்கள், வாரங்கள் கழித்து மின்சாரக் கார்கள் தீப்பிடித்தன. முழுகிய பேட்டரிக்கு சார்ஜ் போட்டு ‘எதற்கும் பார்ப்போம்’ என்பது வேண்டாம். வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தனியாக வைத்துவிடுங்கள். மூவாயிரம் ரூபாய்ப் பொருளைத் தூக்கிப் போடச் சொல்வது தினக்கூலிக்காரரிடம் எளிதல்ல என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

தீ விபத்துகளில் கணிசமானவை சார்ஜ் ஏறும்போது நடக்கின்றன. 2022 மார்ச் இறுதியில் வேலூரில், இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றி ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். ஸ்கூட்டர் பேட்டரி, டிரில் பேட்டரியைப் போல இருபது முப்பது மடங்கு பெரியது. ஆனால் உள்ளே நடக்கும் வேதியியல் அண்ணன் தம்பி. பகல் முழுக்க சைட்டில் வேலை, இரவில்தான் சார்ஜ் போட நேரம் என்பது எல்லோருக்கும் உள்ள நிலைமைதான். அப்படியானால் சாப்பிட்டு முடித்துப் படுக்கும் வரையிலான நேரத்தில் போடுங்கள். இந்தச் சார்ஜர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். வேலையிலிருந்து சூடாக வந்த பேட்டரியை அப்படியே சொருகாமல் ஆறவிடுங்கள். இடம் சிமெண்ட் தரையாக இருக்கட்டும்; மெத்தையும் கட்டிலும் வாசற்கதவை ஒட்டிய வழியும் வேண்டாம். தச்சுப் பட்டறையில் எனக்கு எப்போதும் வயிற்றைக் கலக்கும் காட்சி, இழைப்புச் சுருளும் மரத்தூளும் குவிந்த மேஜையில், தின்னர் டப்பாவுக்குப் பக்கத்தில் மினுக்கிக்கொண்டிருக்கும் சார்ஜர். புயலுக்குப் பிறகு கரண்ட் இல்லாத நாட்களில் ஜெனரேட்டரில் போடலாமா என்று கேட்பார்கள். சில சார்ஜர்களின் கையேடே ஜெனரேட்டர் கூடாது என்கிறது. வாங்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

செத்துப்போன பேட்டரியை எழுப்பும் வித்தையும் நம் ஊரில் பிரசித்தம். நன்றாக இருக்கும் பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்து, செத்ததன் முனையில் சில நிமிடம் தொட்டு ‘பூஸ்ட்’ கொடுத்தால் சார்ஜர் மறுபடி ஏற்றத் தொடங்கும். சார்ஜர் மறுத்ததற்குக் காரணம் இருக்கிறது. செல் சுமார் 2.5 வோல்ட்டுக்குக் கீழே வெகுவாக இறங்கிவிட்டால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்ப ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து இரு முனைக்கும் குறுக்குவழி போடும். உயிர் வந்துவிட்டது என்று நினைத்த பேட்டரி அடுத்த வாரமோ அடுத்த மாதமோ நடு இரவில் பழிவாங்கலாம். பழைய லேப்டாப் செல்களைக் கொண்டு பேக் கட்டித் தருவதும் இதே ரகம்: லேப்டாப்பின் மெல்லிய மின்னோட்டத்துக்குச் செய்த செல்லை டிரில்லின் இழுப்புக்குப் பூட்டினால் அது கொதிக்கும். புதிது வாங்கும்போது ஐ.எஸ். 16046 என்ற தர எண்ணும் பதிவு எண்ணும் பேட்டரியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். 128 என்று பொய் சொல்பவர் வேறு எதிலும் உண்மை சொல்வார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

உப்பிய பேட்டரி, இனிப்பான கரைப்பான் வாடை, சீறும் சத்தம், தொட முடியாத சூடு: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விலகுங்கள். முடிந்தால் மெயினை அணைத்துவிட்டு வெளியேறி 101 அல்லது 112ஐ அழையுங்கள். மணல் கொட்டுவது நம் கைக்கு முதலில் தோன்றும். அது சுடரை மறைக்கும், சூட்டைக் குறைக்காது. சூடேறிய செல்லின் உலோக ஆக்சைடு தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே வெளியிடும். மின்சாரம் துண்டித்த பிறகு, தூரத்தில் நின்று நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைப்பதுதான் வழி. புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு உண்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் மெஷினைக் காப்பாற்ற வேண்டாம். அணைந்தது மறுபடி பற்றலாம்.

லால்பேட்டையிலும் பரங்கிப்பேட்டையிலும் வளைகுடாவிலிருந்து வருபவர்கள் கருவி வாங்கி வருவது சகஜம். விமானத்தில் மெஷின் பெரிய பெட்டியில் போகலாம். கழற்றிய பேட்டரி கைப்பையில்தான் வர வேண்டும், முனையில் டேப் ஒட்டி. 100 வாட்-மணி வரை பொதுவாகத் தடையில்லை. 18 வோல்ட், 6 ஆம்பியர்-மணி என்றால் 108. விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டுக்கு மேல் கிடையாது.

கடைசியில் எல்லா பேட்டரியும் சாகும். குப்பை வண்டியில் போட்டால் அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கும். பழைய இரும்புக் கடையில் போட்டால் சுத்தியலில் உடையும். இரண்டிலும் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, தீர்ந்த பேட்டரியைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தி செய்தவருக்கும் இறக்குமதி செய்தவருக்கும் உரியது. பேட்டரியில் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது அதற்காகத்தான். பெயர் தெரிந்த நிறுவனமென்றால் அதன் சர்வீஸ் சென்டரில் கேட்கலாம். பெயரே இல்லாத 128க்கு யாரிடம் போவது என்பது, வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி.