தோல் செல்லும் நாட்டின் மொழி நமக்கும் வேண்டும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் பதனிடப்படும் தோலும் தைக்கப்படும் காலணியும் ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து, அமெரிக்கா எனக் கடல் கடந்து செல்கின்றன. தோல் பதனிடும் ஆலைகளின் கடினமான, நச்சு மிகுந்த வேலைகளைத் தலைமுறை தலைமுறையாகத் தலித் மக்களே பெருமளவில் செய்துவந்துள்ளனர். காலணி ஆலைகளின் தையல் பிரிவுகளில் பெண்களே மிகுதி. ஆனால் பொருளை வாங்கும் நாட்டோடு பேசும் வாய்ப்பு முதலாளிக்கும் ஏற்றுமதியாளருக்கும் மட்டுமே இருக்கிறது. ஆகவே அயல்மொழிக் கல்வியை வேலைவாய்ப்புக்கான கூடுதல் தகுதியாக மட்டுமன்றி, உரிமைக்கான கருவியாகவும் நாம் கருத வேண்டும்.

இதற்குச் சான்றாக ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த இச்சட்டம், 2024 முதல் 1,000 பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்களுக்கும் பொருந்துகிறது. தமக்குப் பொருள் வழங்கும் அயல்நாட்டு ஆலைகளின் மனித உரிமை நிலைக்கு அந்நிறுவனங்களும் பொறுப்பேற்க வேண்டும். சமூகப் பின்புலத்தைக் காரணமாகக் கொண்ட பாகுபாடு இதில் தடைசெய்யப்பட்டுள்ளது. சாதிப் பாகுபாட்டை இத்தலைப்பின்கீழ் வாதிட இடமுண்டு. குடிநீரைக் கெடுக்கும் மாசும் சட்டத்தின் வரம்புக்குள் வருகிறது.

பாலாற்றுப் பகுதிக்கு இவை வெறும் சொற்கள் அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீட்டை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. அதன் பின்னரும், 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.

ஜெர்மானியச் சட்டத்தில் ஒரு நுட்பமான கூறு உண்டு. காலணி ஆலை நேரடியாகப் பொருள் வழங்குவது. அதற்குத் தோல் தரும் பதனிடும் ஆலையோ மறைமுகமாக வழங்குவது. மறைமுக இடத்தில் மீறல் நிகழ்வதாகச் சான்றுகளுடன் கூடிய தகவல் கிடைத்தால்தான் ஜெர்மன் நிறுவனத்தின் கடமை எழுகிறது. அத்தகவலைத் திரட்டி, எழுதி, உரியவரிடம் சேர்ப்பவர் யார்? முறையீட்டை ஆங்கிலத்திலும் எழுதலாம். எனினும் அந்நாட்டுத் தொழிற்சங்கங்களும் செய்தித்தாள்களும் நாடாளுமன்றமும் ஜெர்மன் மொழியில்தான் விவாதிக்கின்றன. நிறுவனங்கள் அறிக்கை அளிக்க வேண்டிய கடமையை நீக்க 2025இல் அந்நாட்டு அரசு முடிவெடுத்ததும் அந்த மொழியில்தான். நம் வாழ்வைப் பாதிக்கும் விவாதம் நமக்குப் புரியாத மொழியில் நடந்து முடிகிறது.

அண்ணல் அம்பேத்கர் இதை ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே உணர்ந்திருந்தார். 1913இல் பரோடா அரசின் உதவித்தொகையுடன் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்ற அவர், ஜெர்மன் மொழியும் கற்றார். பான் பல்கலைக்கழகத்திலும் பயில முயன்றார். இந்தியாவில் சாதிகளின் தோற்றத்தை ஆராயும் தம் புகழ்பெற்ற கட்டுரையை 1916 மே 9 அன்று நியூயார்க்கில்தான் வாசித்தார். சாதியை மனித சமூகங்கள் அனைத்தோடும் ஒப்பிட்டு ஆராயும் தொலைவை அயல்நாட்டுக் கல்வி அவருக்கு அளித்தது.

இன்றைய நிலை என்ன? ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை விதிகள் 2022இல் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் குறித்த ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்று அறிவிக்கப்பட்டது. அம்பேத்கரின் 1916ஆம் ஆண்டுக் கட்டுரைக்கும் இவ்விதியின்கீழ் இடமிராது. 2025-26இல் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டுமே முதலில் ஆணை வழங்கப்பட்டது. எஞ்சியோருக்கு நிதி இருந்தால் வழங்கப்படும் என்று கூறப்பட்டது.

தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் இதைவிட விரிவானது. குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடரும் பயன்பெறலாம்.

ஆயினும் உதவித்தொகை பல்கலைக்கழக இடம் உறுதியான பிறகே வருகிறது. மொழி வகுப்புக்கும் தேர்வுக்கும் விண்ணப்பத்துக்கும் ஆகும் செலவு அதற்கு முன்னரே வந்துவிடுகிறது. ஆலைக் கூலியில் வாழும் குடும்பத்தின் பிள்ளை உதவித்தொகையின் வாசலை அடையுமுன்பே இங்குத் தடுக்கப்படுகிறது. ஜெர்மன் மொழி கற்கப் பெரும்பாலும் வெளியூர் செல்ல வேண்டியிருப்பது இன்னொரு தடை.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. 2022ஆம் ஆண்டுத் தடை விதி நீக்கப்பட வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு ஆகிய ஊர்களில் தாட்கோ வழியாகக் கட்டணமற்ற மாலைநேர மொழி வகுப்புகள் தொடங்கப்பட வேண்டும். தேர்வுக் கட்டணத்தை அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும். மாணவர்களும் பட்டம் பெறும்வரை காத்திராமல் கல்லூரியின் முதலாண்டிலேயே மொழியைத் தொடங்குவது நன்று. பயன்படுத்தும் அளவுக்கு ஒரு மொழி கைவரச் சில ஆண்டுகள் தேவை.

அயல்நாடு சென்றவர் அனைவரும் திரும்பிவர வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆம்பூரின் காலணியை விற்கும் நகரத்தில், அதைத் தைத்தவரின் மகளும் அந்நாட்டு மொழியில் கேள்வி கேட்கும் நிலை வேண்டும் என்கிறோம்.