படுக்கையில் முடங்கியோருக்கு மாதம் ரூ.15,000: வீட்டுப் பராமரிப்பின் தரத்தைக் கவனிப்பது யார்?

சித்தூர்: ஆந்திரப் பிரதேசத்தில் மாதந்தோறும் முதல் தேதியன்று கிராம, வார்டு செயலக ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று உதவித்தொகை வழங்கி வருகின்றனர். 'என்டிஆர் பரோசா' எனும் இத்திட்டத்தின் கீழ், பக்கவாதம், தீவிரத் தசைச் சிதைவு நோய், விபத்து ஆகியவற்றால் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ முடங்கியவர்களுக்கு மாதம் ரூ.15,000 கிடைக்கிறது. 2024 ஜூலைக்கு முன்பு இத்தொகை ரூ.5,000 ஆக இருந்தது. முதியோர் உதவித்தொகையும் அப்போது ரூ.3,000-லிருந்து ரூ.4,000 ஆக உயர்த்தப்பட்டது.

இந்தப் பணம் யாருக்காக வழங்கப்படுகிறதோ அவர் நாள்தோறும் எவ்வாறு குளிப்பாட்டப்படுகிறார், எத்தனை முறை திருப்பிப் படுக்க வைக்கப்படுகிறார், உணவு எந்த நிலையில் ஊட்டப்படுகிறது என்பதைப் பார்க்கும் பொறுப்பு எந்த அலுவலகத்திடமும் தெளிவாக ஒப்படைக்கப்படவில்லை. 2025 ஜனவரியில் மருத்துவக் குழுக்கள் ரூ.15,000 பெறுவோரின் வீடுகளுக்கே நேரில் சென்று ஆய்வைத் தொடங்கின. ஆனால், பயனாளி தகுதியுடையவரா என்று சரிபார்ப்பதே அக்குழுக்களுக்கு இடப்பட்ட பணி. பராமரிப்பின் தரத்தை அளப்பது அந்த ஆய்வின் நோக்கமன்று. வீட்டுக்குள் மருத்துவர் வந்து சென்ற ஓர் அரிய வாய்ப்பு அவ்வளவில் முடிந்துபோனது.

மருத்துவம் வேறு, பராமரிப்பு வேறு

குளித்தல், உடுத்துதல், உண்ணுதல், கழிப்பறை செல்லுதல், எழுந்து நடத்தல் போன்ற அன்றாடச் செயல்களுக்குப் பிறர் செய்யும் உதவியே தனிநபர் பராமரிப்பு எனப்படுகிறது. 2017-18-இல் நடத்தப்பட்ட இந்திய முதுமை நீள் ஆய்வின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இத்தகைய செயல்களில் ஒன்றிலாவது சிரமம் இருந்தது.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மருத்துவமனைகளுக்குப் பெரும் பஞ்சமில்லை. திருப்பதியில் சுவிம்ஸ், ரூயா மருத்துவமனைகள் உள்ளன. சித்தூர் நகரிலிருந்து வேலூர் சிஎம்சி எட்டிவிடும் தூரத்திலேயே இருக்கிறது. பக்கவாதம் வந்தவரை உயிர் பிழைக்க வைத்து வீட்டுக்கு அனுப்ப இவற்றால் இயலும். அதன்பின் வரும் ஆண்டுகள் பெரும்பாலும் மனைவி, மருமகள் அல்லது மகளின் கையில்தான் கழிகின்றன. பிள்ளைகள் பெங்களூருவிலோ சென்னையிலோ வேலையில் இருக்கும் வீடுகளில், முதியவரை அவரைவிடச் சற்றே இளைய இன்னொரு முதியவர் தூக்கி உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

தரம் என்பது கண்ணால் காணக்கூடியது

தாமாக அசைய இயலாதவரைச் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியர்கள் பொதுவாகக் கூறும் கணக்கு. நாளொன்றுக்கு 12 முறை; அவற்றில் நான்கைந்து முறை நள்ளிரவிலும் விடியற்காலையிலும் வரும். இது தவறினால் வால் எலும்புப் பகுதி, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களில் படுக்கைப் புண் தோன்றும். முதலில் தெரிவது தோலின் நிற மாற்றம் மட்டுமே. விரலால் அழுத்தி எடுத்த பின்னும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு எளிதில் தெரியாது. அவ்விடம் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா எனத் தொட்டுப் பார்க்க வேண்டும். அந்நிலையிலேயே கவனித்தால் பெரும்பாலும் ஆறிவிடும். எலும்பு வரை ஆழ்ந்துவிட்டால் ஆற மாதக்கணக்காகும்.

நம் வீடுகளில் அன்போடு செய்யப்படும் சில செயல்களே இங்கே தீங்காக முடிகின்றன. சிவந்த இடத்தை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்தால், ஏற்கெனவே நலிந்த திசு மேலும் சிதையும். நடுவில் துளையுள்ள வளைய மெத்தையும் அத்துளையைச் சுற்றிய தோலுக்கு இரத்த ஓட்டத்தைக் குறைக்கும் என்பதால் வல்லுநர்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை. படுத்த நிலையிலேயே கஞ்சி ஊட்டினால் அது மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டி, பின்னும் அரை மணி நேரம் அவ்வாறே இருக்கச் செய்ய வேண்டும். பக்கவாதம் தாக்கிய பக்கத்துக் கையைப் பிடித்தோ அக்குளில் கைகொடுத்தோ இழுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பாதிக்கப்படும். சிறுநீர்ப் பை எப்போதும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பிறருக்குத் தொல்லை தரக் கூடாதென்று எண்ணித் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் முதியோர் பலர் உள்ளனர். நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, திடீர் மனக்குழப்பம் என அது தொடர்கிறது. துணி மாற்றும்போது கதவைச் சாத்துவதும், முகம் சுளிக்காமல் இருப்பதும் மரியாதை மட்டுமல்ல. அவர் இன்னொரு குவளை தண்ணீர் கேட்பாரா என்பதையும் அவையே தீர்மானிக்கின்றன.

தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் சித்தூரில் மொழியும் பராமரிப்பின் ஒரு கூறாகிறது. இருமொழி பேசுவோரில் சிலருக்குப் பக்கவாதத்துக்குப் பின் ஒரு மொழி மட்டும் கூடுதலாகப் பாதிக்கப்படலாம். வீட்டில் தமிழ் பேசி வந்த ஒருவருக்குத் தெலுங்கு மட்டுமே அறிந்த பணியாளர் அமர்த்தப்பட்டால், வலிக்கிறது என்பதைக்கூட அவர் சொல்ல முடியாமல் போகலாம்.

சட்டம் எங்கே நிற்கிறது?

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் நிறைவேற்றப்பட்டது. கைவிடுவோருக்கு 3 மாதங்கள் வரை சிறை அல்லது ரூ.5,000 வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க அது வழிசெய்கிறது. தீர்ப்பாயம் உத்தரவிடக்கூடிய பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு மாதம் ரூ.10,000. ஆந்திர அரசு தரும் உதவித்தொகையே இப்போது அதைத் தாண்டிவிட்டது. ஆனால் வீட்டில் அளிக்கப்படும் பராமரிப்பின் தரம் பற்றி அச்சட்டம் பேசவில்லை.

அதைச் சரிசெய்ய முயன்றது 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமான திருத்த மசோதா. வீட்டுப் பராமரிப்புச் சேவை வழங்கும் நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும், பணியாளர்களின் பயிற்சி உள்ளிட்டவற்றில் மத்திய அரசு குறைந்தபட்சத் தரத்தை வகுக்கலாம் என அது கூறியது. 17-ஆவது மக்களவை 2024-இல் கலைந்தபோது அம்மசோதாவும் காலாவதியானது. இங்கிலாந்தில் தனிநபர் பராமரிப்பு வழங்கும் நிறுவனங்கள் தரக் கண்காணிப்பு ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். அரை மணி நேரத்துக்கும் குறைவான வருகைகள் விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என 2015-இல் வெளியான வழிகாட்டுதல் அங்கே வலியுறுத்துகிறது.

எல்லைக்கு அப்பால் ஒரு முன்மாதிரி

அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. சித்தூர் மாவட்டத்தின் குப்பத்தை ஒட்டியுள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. அத்திட்டத்தில் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு, நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை சிகிச்சையாளரும் வீட்டுக்கே வருகின்றனர். ஆந்திராவிலும் 2023 ஏப்ரலில் தொடங்கிய குடும்ப மருத்துவர் திட்டத்தில், படுக்கையில் உள்ளோரை மருத்துவர் வீட்டுக்குச் சென்று பார்க்க ஏற்பாடு செய்யப்பட்டது. செவிலியர் அன்றாடம் குளிப்பாட்டப் போவதில்லை. ஆயினும் மாதம் ஒருமுறை முதுகைத் திருப்பிப் பார்த்து, தூக்கும் முறையை மருமகளுக்குச் செய்து காட்டினாலே பல புண்கள் தவிர்க்கப்படும். முதல் தேதி வரும் ஊழியருடன் அத்தகைய ஒருவரையும் அனுப்புவது பெரும் செலவு பிடிக்கும் காரியமாகத் தோன்றவில்லை.

மாதம் ரூ.15,000 என்பது நாளொன்றுக்கு ரூ.500. வேலையை விட்டு வீட்டில் இருக்கும் ஒருவரின் கூலியை அது ஓரளவு ஈடுசெய்யலாம்; இரவுக்கும் பகலுக்கும் தனித்தனிப் பணியாளரை அமர்த்தப் போதாது. முகவர் மூலம் பணியாளரை அமர்த்துவோர் அடையாளச் சான்றையும் பயிற்சிச் சான்றிதழையும் கேட்டுப் பெறுவதோடு, முதல் சில நாட்கள் உடனிருந்து கவனிப்பது நல்லது. திருப்பிப் படுக்க வைத்த நேரம், உண்ட அளவு, சிறுநீர், மலம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம். பணியாளர் இல்லாத வேளையில் முதியவரிடமே தனியே கேட்பதையும் தவிர்க்கக் கூடாது.

முதியோர் புறக்கணிப்பு, துன்புறுத்தல் தொடர்பான புகார்களுக்கும் ஆலோசனைக்கும் 14567 என்ற தேசிய மூத்த குடிமக்கள் உதவி எண்ணைக் கட்டணமின்றி, காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை தொடர்பு கொள்ளலாம்.