குழந்தையின் செயலும் ஒரு மொழியே

மொழி என்றால் நாவினால் பேசப்படுவது என்றே நாம் எண்ணுகிறோம். ஆனால் பேச்சு வராத குழந்தைக்கும் சொல்லவேண்டியவை பல உண்டு. பசி, அச்சம், விருப்பு, வெறுப்பு ஆகிய யாவற்றையும் அது தன் செயல்களால் உணர்த்துகிறது. தட்டை எறிவதும், காதைப் பொத்திக்கொண்டு அலறுவதும், தன் கையையே கடித்துக்கொள்வதும் அத்தகைய செயல்களே. இவற்றைக் குறும்பென்று தண்டிப்பார் பலர். இவற்றைப் படித்தறிந்து, குழந்தைக்கு வேறு வழி காட்டுவதையே தொழிலாகக் கொண்டவர் சிலர். ஆட்டிசம் உடைய குழந்தைகளின் வீடு தேடிச் சென்று துணைபுரியும் நடத்தைப் பயிற்சியாளர்களே அவர்கள். அவர்தம் பணி எத்தகையது என்பதை இங்கே காண்போம்.

ஆட்டிசம் என்பது 'தான்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்பாரும் உண்டு. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய லியோ கானர் என்ற மருத்துவர், 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, இந்நிலையைத் தனியே அடையாளம் காட்டினார். பிறரோடு உறவாடுவதில் இடர்ப்பாடு, பேச்சில் தாமதம், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல், ஒலி, ஒளி, தொடுகை முதலியவற்றைப் பிறரினும் மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். இது தொற்றுநோய் அன்று. மூளை வளரும் முறையில் அமைந்த வேறுபாடு. இதனை நீக்கும் மருந்தும் இல்லை. ஆயினும், இளமையிலேயே தக்க துணை கிடைத்தால் குழந்தையின் வாழ்வு பெரிதும் எளிதாகும்.

தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று ஒரு காலத்தில் அறிஞர்களே கூறினர். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் நூல் எழுதி இக்கொள்கையைப் பரப்பினார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, ஆட்டிசம் உடைய மகனுக்குத் தந்தையான பெர்னார்ட் ரிம்லாண்ட், அது தவறென்று தம் நூலில் எடுத்துக்காட்டியிருந்தார். பின்வந்த ஆராய்ச்சிகள் ரிம்லாண்டின் பக்கமே நின்றன. எனினும், 'தாய் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்' என்ற பழிச்சொல் நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை.

நடத்தைப் பயிற்சியின் வரலாற்றிலும் ஒரு கறை உண்டு. கலிபோர்னியாவில் லோவாஸ் என்ற உளவியலறிஞர் 1960களில் இம்முறையை வளர்த்தார். அந்நாளில் பரிசு கொடுத்துக் கற்பித்ததோடு, அறைவதும் மின்னதிர்ச்சி தருவதும்கூடக் கையாளப்பட்டன. 1987இல் அவர் வெளியிட்ட ஆய்வு, வாரத்திற்கு 40 மணி நேரம் பயிற்சி பெற்ற 19 குழந்தைகளுள் 9 பேர் பொதுப் பள்ளியில் பிறரோடு ஒத்துப் பயின்றனர் என்று கூறிப் பெரும்புகழ் பெற்றது. ஆயினும், வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உடையோர் பலர், 'எங்களைப் பிறரைப்போல் நடிக்கப் பழக்கினீர்கள்; எங்கள் துன்பத்தைக் கேட்கவில்லை' என்று குறை கூறியுள்ளனர். இக்குரலுக்குச் செவிசாய்ப்பவரே இன்று நல்ல பயிற்சியாளர் ஆகமுடியும்.

பாகூர்ப் பக்கத்துச் சிற்றூரில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாகக் கொள்வோம். அவன் சோற்றுத் தட்டை எறிகிறான். பயிற்சியாளர் அவனை அதட்டுவதில்லை. ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் வரைகிறார். செயலுக்கு முன் நிகழ்ந்தது என்ன, செயல் யாது, அதன்பின் விளைந்தது என்ன என்று நாள்தோறும் எழுதுகிறார். ஒரு வாரம் சென்றபின் ஏட்டைப் புரட்டினால் உண்மை புலப்படுகிறது. சோறும் குழம்பும் தனித்தனியே இருந்த நாள்களில் தட்டு பறக்கவில்லை. பிசைந்து வைத்த நாள்களில்தான் பறந்தது. குழைந்த சோறு கையில் ஒட்டுவது அவனுக்குத் தாங்கவொண்ணாத உணர்ச்சி. 'வேண்டாம்' என்று சொல்ல வாய் எழவில்லை, கை எழுந்தது.

இனி, அந்த 'வேண்டாம்' என்பதைக் கற்பிக்கவேண்டும். ஒரு படஅட்டையைத் தொட்டுக் காட்டினால் போதும் என்று பழக்குகிறார். முதலில் அவன் கையைப் பிடித்துத் துணைசெய்கிறார், பிறகு சுட்டிக்காட்டுகிறார், பின்னர் அதையும் விட்டுவிடுகிறார். அட்டையை அவன் தொட்டவுடன் தட்டை அகற்றிவிடவேண்டும். சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை பிறந்தால், எறியும் தேவை குறைகிறது.

வேறு பாடங்களும் இவ்வாறே சிறு படிகளாகப் பகுக்கப்படுகின்றன. கால்சட்டை அணியக் கற்பிக்கும்போது, மற்றெல்லாவற்றையும் பெரியவர் செய்துவிட்டு, இடுப்புவரை இழுத்துவிடும் கடைசிப் படியை மட்டும் குழந்தைக்கு விடுவதுண்டு. வேலையை முடித்த மகிழ்ச்சி குழந்தைக்கே உரியதாகிறது. அடுத்து, கடைசி இரண்டு படிகள், அதன்பின் மூன்று. வில்லியனூர்த் தேர்த்திருவிழா போன்ற நாள்களில், மேளமும் கூட்டமும் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே படங்களால் காட்டி, அலறல் எழுமுன் ஒதுங்குவதற்கு அமைதியான ஓர் இடத்தையும் பார்த்துவைக்க வேண்டும்.

அமெரிக்காவில் இத்தொழிலுக்கு 2014 முதல் தனிச் சான்று உண்டு. 18 வயது நிரம்பி, பள்ளிப் படிப்பை முடித்து, 40 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் பெற்றவர், மூத்த வல்லுநரின் மேற்பார்வையில் பணியாற்றுவார். வாரத்திற்கு 40 மணி நேரம் ஒருவரை அமர்த்த நம் உழவர் குடும்பங்களால் இயலாது. அப்படியாயின் வழி யாது? கோவாவிலும் பாகிஸ்தானின் இராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. வல்லுநரல்லாத களப்பணியாளர்கள் வீடுகளுக்குச் சென்று, பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதைப் படம்பிடித்து, அதை அவர்களுக்கே போட்டுக்காட்டிக் கற்பித்தனர். குழந்தையின் குறிப்பறிந்து நடக்கும் திறன் பெற்றோரிடம் வளர்ந்தது. குழந்தைகளும் தாமே முன்வந்து தொடர்புகொள்வது மிகுந்தது. பேச்சுத்திறனில் தெளிவான மாற்றம் காணப்படவில்லை. பயன் அளவானதே, எனினும் நமக்கு எட்டக்கூடியது.

புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனை உண்டு; 2003இல் சத்யா சிறப்புப் பள்ளி தோன்றியது; 2005இல் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் அமைந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆனால் மருத்துவமனையும் சட்டமும் அடுப்பங்கரைக்கு வருவதில்லை. பெற்றோர் வயலிலோ தொழிற்சாலையிலோ உழைக்கும் வீட்டில், பகலெல்லாம் குழந்தையோடு இருப்பவர் பாட்டியே. ஆகவே, பயிற்சியாளர் முதலில் கற்பிக்கவேண்டியது அந்தப் பாட்டிக்குத்தான். தாம் வராத நாளிலும் பாடம் நடக்குமாறு செய்பவரே தொழிலில் தேர்ந்தவர்.

மாணவச் செல்வங்களே, 'அடியாத மாடு படியாது' என்பது பழமொழி. அது மாட்டுக்கே பொருந்துமா என்பது ஐயம். குழந்தைக்கு ஒருநாளும் பொருந்தாது. சொன்னபடி உட்காரும் குழந்தையைக் கண்டு பயிற்சி வென்றதென்று முடிவுகட்டவேண்டாம். அக்குழந்தை தனக்கு வேண்டியதைக் கேட்கவும், வேண்டாததை மறுக்கவும் கற்றுக்கொண்டதா என்று பாருங்கள். உங்களுள் சிலர் நாளை இத்தொழிலை மேற்கொள்ளலாம். மேற்கொள்ளாதவர்களும் உங்கள் தெருவில் அத்தகைய குழந்தை அலறும்போது, 'வளர்ப்புச் சரியில்லை' என்று சொல்லுமுன், அது என்ன சொல்ல முயல்கிறது என்று ஒரு கணம் எண்ணிப்பாருங்கள். அக்குழந்தையின் தாய்க்கு அதுவே ஓர் உதவியாகும்.